அடைக்கப்பட்ட ஈய அமில மின்கலவடுக்கு: வீட்டுக்கு வெளியே மின்சாரம்

இரசாயனப் பகுதியில் மின்கலங்களைப் படிக்கிறீர்கள். பௌதிகப் பகுதியில் மின்னோட்டம், தடை, வலு, சக்தி என்பவற்றைப் படிக்கிறீர்கள். இரண்டையும் ஒரே பொருளில் இணைத்துக் கேட்கும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். அவ்வாறு இணைத்துக் கேட்பதற்கு மிகவும் வசதியான பொருள் ஒன்று உங்கள் வீட்டிலேயே இருக்கக்கூடும். அவசர விளக்கு, முதுகிற் சுமந்து பயிருக்கு மருந்து தெளிக்கும் கருவி, கோயில் வீதியில் தூக்கிச் செல்லும் ஒலிபெருக்கி, காட்டோர வயலைக் காக்கும் யானை வேலி, கணினிக்கு அருகில் வைக்கும் யூ.பி.எஸ். போன்றவற்றைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் உள்ளே செங்கல் போன்ற பாரமான ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். "6 வோல்ற்று, 4.5 அம்பியர் மணித்தியாலம்" என்றோ "12 வோல்ற்று, 7 அம்பியர் மணித்தியாலம்" என்றோ அதன் மேல் அச்சிட்டிருக்கும். இதுவே அடைக்கப்பட்ட ஈய அமில மின்கலவடுக்கு. பேச்சுவழக்கில் பற்றரி என்கிறோம். இக்கட்டுரையிலும் அச்சொல்லையே பயன்படுத்துவோம்.

2022 மார்ச் மாத இறுதியில் நம் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. அதற்கு இரண்டு மாதங்களின் பின், மே மாதத்தில், சாதாரண தரப் பரீட்சை நடைபெற்றது. அந்நாட்களில் பரீட்சைக்குப் படித்தவர்களுக்கு இந்தக் கறுப்புப் பெட்டியின் அருமை தெரியும். ஆண்டுக்கணக்கில் அலுமாரியிற் கிடந்த விளக்கை எடுத்து ஏற்றினால், ஐந்து நிமிடம் எரிந்து மங்கிவிடும். புதிதாக வாங்கியபோது ஒரு முழு இரவு எரிந்த அதே விளக்குக்கு ஏன் இப்படி நேர்கிறது? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமானால் பெட்டிக்குள் நடப்பதை முதலில் அறிய வேண்டும்.

உள்ளே நடக்கும் தாக்கம்

ரோச் லைற்றில் இடும் உலர்கலம் ஒரு முதற்கலம். அதில் நிகழும் இரசாயன மாற்றத்தை எமது தேவைக்கு மீளச் செய்ய முடியாது. ஈய அமிலக் கலம் ஒரு துணைக்கலம். வெளியிலிருந்து மின்னோட்டத்தை எதிர்த் திசையிற் செலுத்தினால் இதன் தாக்கம் பின்னோக்கி நிகழும். பிரெஞ்சு விஞ்ஞானி கஸ்தோன் பிளாந்தே 1859 இல் இதனை உருவாக்கினார். மீள மின்னேற்றக்கூடிய கலங்களில் நடைமுறைக்கு வந்த முதலாவது கலம் இதுவே.

கலத்தின் எதிர் முடிவிடத்துடன் இணைந்திருப்பது கடற்பஞ்சு போன்று நுண்டுளைகள் கொண்ட ஈயத் தகடு. நேர் முடிவிடத்துடன் இணைந்திருப்பது ஈயவீரொட்சைட்டுப் பூசிய தகடு. இரண்டுக்கும் பொதுவான மின்பகுபொருள் ஐதான சல்பூரிக்கமிலம். மின்னிறக்கத்தின்போது நிகழ்வதைச் சொற்சமன்பாடாக எழுதினால்:

ஈயம் + ஈயவீரொட்சைட்டு + சல்பூரிக்கமிலம் → ஈயசல்பேற்று + நீர்

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, இரு தகடுகளும் ஒரே பொருளாக, அதாவது வெண்ணிற ஈயசல்பேற்றாக, மாறிக்கொண்டு போகின்றன. இரு தகடுகளும் முற்றாக ஒரே பொருளானால் அவற்றுக்கிடையே அழுத்த வித்தியாசம் இருக்க நியாயமில்லை. இரண்டாவது, அமிலம் குறைந்து நீர் கூடுகிறது. ஆகவே மின்பகுபொருளின் அடர்த்தி குறைகிறது. வாகனப் பற்றரியின் மூடியைத் திறந்து நீரமானியை இட்டுப் பார்ப்பது இதற்காகத்தான். மின்னேற்றும்போது மேலுள்ள சமன்பாட்டின் அம்புக்குறி திரும்பிவிடும்.

மின்னிறக்கத்தின்போது ஈயம் இலத்திரன்களை இழக்கிறது, அதாவது ஒட்சியேற்றப்படுகிறது. எனவே அப்போது ஈயத் தகடு அனோட்டு ஆகும். மின்னேற்றும்போது அதே தகட்டில் தாழ்த்தல் நடைபெறுவதால் அது கதோட்டு ஆகிவிடும். ஆனால் முடிவிடத்தின் குறி மாறுவதில்லை. எதிர் முடிவிடம் என்றும் எதிர் முடிவிடமே. பல்தேர்வு வினாக்களில் மாணவர்களைக் குழப்புவதற்கு இதைவிடச் சிறந்த இடம் இல்லை.

ஒரு கலத்தின் மின்னியக்க விசை ஏறத்தாழ 2 வோல்ற்று. ஆறு கலங்களைத் தொடராக இணைத்தால் 12 வோல்ற்றுப் பற்றரி. மூன்று கலங்கள் எனில் 6 வோல்ற்று.

"அடைக்கப்பட்ட" என்பதன் பொருள்

வாகனப் பற்றரியைச் சரித்தால் அமிலம் சிந்தும். காலத்துக்குக் காலம் காய்ச்சி வடித்த நீரும் ஊற்ற வேண்டும். ஏனெனில் மின்னேற்றம் முடிவடையும் தறுவாயில் நீர் மின்பகுப்படைந்து, எதிர்த் தகட்டில் ஐதரசனும் நேர்த் தகட்டில் ஒட்சிசனும் வெளியேறும். முதுகிற் சுமக்கும் கருவிக்கு இப்படிப்பட்ட பற்றரி உதவாது. 1950களின் பிற்பகுதியில் ஜேர்மனியில் அமிலத்துடன் சிலிக்காவைக் கலந்து கூழாக்கினார்கள். 1970களில் ஐக்கிய அமெரிக்காவில் நுண்ணிய கண்ணாடி நார்ப் பாய்களில் அமிலத்தை உறிஞ்சவைக்கும் முறை வந்தது. நம் கடைகளில் வாங்கும் சிறிய பற்றரிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகை.

கண்ணாடி நார்ப் பாய் முற்றாக நனைந்திருப்பதில்லை. அதில் சிறு இடைவெளிகள் விடப்பட்டிருக்கும். நேர்த் தகட்டில் உண்டாகும் ஒட்சிசன் அவ்விடைவெளிகளூடாக எதிர்த் தகட்டை அடைந்து, ஈயத்துடனும் அமிலத்துடனும் தாக்கமுற்று மீண்டும் நீரைத் தருகிறது. அதனால் எதிர்த் தகடு முழுமையான மின்னேற்ற நிலையை எட்டுவதில்லை. ஐதரசன் தோன்றுவதும் பெரிதும் தடுக்கப்படுகிறது. நீர் வெளியே போவதில்லை. ஆகவே ஊற்றவேண்டியதும் இல்லை. மிக நேர்த்தியான ஏற்பாடு இது.

ஆனால் "அடைக்கப்பட்ட" என்ற சொல் முழு உண்மை அன்று. ஒவ்வொரு கலத்திலும் இறப்பராலான சிறிய வால்வு ஒன்று உண்டு. அளவுக்கு மிஞ்சி மின்னேற்றினால் உள்ளே அமுக்கம் கூடி, அந்த வால்வு திறந்து வாயு வெளியேறும். ஒருமுறை வெளியேறிய நீரை மீள ஊற்ற வழியில்லை. இப்பற்றரியைக் காற்றுப் புகாத பெட்டியில் வைத்து மின்னேற்றக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம். வெளியேறும் வாயுவில் ஐதரசன் இருக்கும். அது வளியுடன் கலந்தால் ஒரு சிறு தீப்பொறி போதும்.

7 அம்பியர் மணித்தியாலம் என்றால் எவ்வளவு?

மின்னோட்டத்தை நேரத்தாற் பெருக்கினால் கிடைப்பது ஏற்றம். ஆகவே அம்பியர் மணித்தியாலம் என்பது ஏற்றத்தின் ஓர் அலகு.

7 அம்பியர் மணித்தியாலம் = 7 × 3600 = 25 200 கூலோம்

இதனை 12 வோல்ற்றால் பெருக்கினால் சக்தி கிடைக்கும்.

25 200 × 12 = 302 400 யூல்

மூன்று இலட்சம் யூல் என்றதும் பெரிய தொகை போலத் தோன்றும். ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் எரியும்போது ஏறத்தாழ 3.5 கோடி யூல் வெளிவரும். கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டு கிலோகிராமுக்கும் மேற்பட்ட நிறையுள்ள இப்பற்றரியில் இருப்பது 9 மில்லிலீற்றர் மண்ணெண்ணெயின் சக்தி! இரண்டு தேக்கரண்டி அளவுகூட இல்லை. அப்படியிருந்தும் மண்ணெண்ணெய் விளக்கைக் காட்டிலும் பற்றரி விளக்கே நமக்கு அதிக வெளிச்சம் தருகிறது. மண்ணெண்ணெய்ச் சுடரில் சக்தியின் மிகப் பெரும்பகுதி வெப்பமாகப் போய்விடுகிறது. ஒளிகாலும் இருவாயியோ சிறிதளவு சக்தியை நன்றாகப் பயன்படுத்துகிறது. பற்றரியில் இயங்கும் கருவி எப்போதும் சிக்கனமானதாக இருக்க வேண்டும் என்பது இதிலிருந்து புரியும். பற்றரியைக் கொண்டு சோறு சமைக்க முற்படுவது வீண் வேலை.

இனி, பலரும் விளங்காமல் விடும் ஒரு விடயம். 7 அம்பியர் மணித்தியாலப் பற்றரியிலிருந்து 7 அம்பியரை ஒரு மணித்தியாலத்துக்குப் பெறலாம் என்று நினைக்கிறீர்களா? பெற முடியாது. இச்சிறிய பற்றரிகளின் கொள்ளளவு வழமையாக 20 மணித்தியால மின்னிறக்கத்துக்கே குறிக்கப்படுகிறது. அதாவது 0.35 அம்பியர் வீதம் 20 மணித்தியாலம் கிடைக்கும். 7 அம்பியர் எடுத்தால் ஏறத்தாழ 35 நிமிடத்தில் பற்றரி ஓய்ந்துவிடும். கிடைப்பது 4 அம்பியர் மணித்தியாலம் மட்டில்தான். மின்னோட்டம் கூடக் கொள்ளளவு குறையும் இத்தொடர்பை ஜேர்மனியரான பொய்க்கேற் 1897 இல் சூத்திரமாகத் தந்தார்.

காரணம் எளியது. தாக்கத்துக்கு வேண்டிய அமிலம் தகட்டின் நுண்டுளைகளுக்குள் பரவிச் செல்ல நேரம் எடுக்கும். விரைவாக மின்னிறக்கினால் தகட்டுக்கு அருகிலுள்ள அமிலம் முடிந்துவிடும். தொலைவிலுள்ள அமிலம் வந்துசேர்வதற்குள் வோல்ற்றளவு விழுந்துவிடும். மங்கிப்போன விளக்கை அணைத்து அரை மணித்தியாலம் விட்டு மீண்டும் ஏற்றினால் சற்று நேரம் பிரகாசமாக எரிவதைக் கண்டிருப்பீர்கள். பற்றரி "இளைப்பாறியது" என்பார்கள் பெரியவர்கள். உண்மையில் இளைப்பாறியது ஒன்றுமில்லை. அமிலம் பரவல் மூலம் தகட்டை வந்தடைந்திருக்கிறது.

எவ்வளவு நேரம் எரியும்?

6 வாற்று ஒளிகாலும் இருவாயி விளக்கு ஒன்றை இப்பற்றரியுடன் இணைக்கிறோம் என்க.

மின்னோட்டம் = வலு ÷ அழுத்த வித்தியாசம் = 6 ÷ 12 = 0.5 அம்பியர்

7 ஐ 0.5 ஆற் பிரித்து 14 மணித்தியாலம் என்று விடை எழுதுவீர்கள். தாளில் வேறு தரவு இல்லையேல் அது சரியான விடைதான். வீட்டிலோ அந்த 14 மணித்தியாலத்தையும் எடுக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் முற்றாக இறக்கினால் இவ்வகைப் பற்றரி ஏறத்தாழ 200 தடவைகளில் தளர்ந்துவிடும். பாதியளவு மட்டும் இறக்கினால் 400 முதல் 500 தடவை வரை தாங்கும். ஆகவே 3.5 அம்பியர் மணித்தியாலம், அதாவது 7 மணித்தியால வெளிச்சம் என்று கணக்கு வைப்பதே புத்தி. 12 வோல்ற்றுப் பற்றரி, சுமையுடன் இருக்கும்போது 10.5 வோல்ற்றுக்குக் கீழ் இறங்க விடக்கூடாது.

பகலில் சூரிய படலால் அந்த 3.5 அம்பியர் மணித்தியாலத்தை மீள நிரப்பலாம். இழப்பையும் சேர்த்து 4 அம்பியர் மணித்தியாலம் தேவை எனக் கொள்வோம். 10 வாற்றுப் படல் நல்ல வெயிலில் ஏறத்தாழ 0.57 அம்பியர் தரும். நாளொன்றுக்கு முழு வெயில் 5 மணித்தியாலம் எனில் 2.85 அம்பியர் மணித்தியாலமே கிடைக்கும், போதாது. 20 வாற்றுப் படல் தேவை. இரவில் பற்றரியிலிருந்து படலுக்கு மின்னோட்டம் திரும்பிப் பாயாதிருக்க ஓர் இருவாயியோ, அதனை உள்ளடக்கிய கட்டுப்படுத்தியோ இடையில் இருக்க வேண்டும்.

வெளியிடங்களில் இன்னொரு சிக்கல் கம்பி. 36 வாற்று நீர்ப்பம்பி ஒன்று பற்றரியிலிருந்து 20 மீற்றர் தூரத்தில் இருக்கிறது என்க. போய்வரக் கம்பியின் நீளம் 40 மீற்றர். குறுக்குவெட்டுப் பரப்பு 0.5 சதுர மில்லிமீற்றரான செப்புக் கம்பி எனில் அதன் தடை ஏறத்தாழ 1.36 ஓம். பம்பிக்கு வேண்டிய 3 அம்பியர் இதனூடாகப் பாய்ந்தால் கம்பியிலேயே 4 வோல்ற்று இழக்கப்படும். பம்பிக்குக் கிடைப்பது 8 வோல்ற்று மட்டுமே. அது முக்கி முனகும். இதே வலுவை 230 வோல்ற்றில் அனுப்பினால் மின்னோட்டம் 0.16 அம்பியர், இழப்பு 0.2 வோல்ற்று. வீட்டு மின்சுற்றில் தெரியாத தவறு 12 வோல்ற்றில் பெரிதாகத் தெரியும். ஆதலால் பற்றரியைக் கருவிக்கு அருகில் வையுங்கள். முடியாவிட்டால் தடித்த கம்பியைப் பயன்படுத்துங்கள்.

அலுமாரியில் கிடந்தே கெடுவது ஏன்?

இப்போது முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். எந்தக் கருவியுடனும் இணைக்காவிட்டாலும் பற்றரி தானாக மெல்ல மின்னிறங்கும். 25 பாகை செல்சியசில் மாதத்துக்கு ஏறத்தாழ 3 சதவீதம் இழக்கும். நம் நாட்டின் கரையோர வெப்பத்தில் இது இன்னும் கூடும். அவ்வாறு இறங்கும்போது தகடுகளில் உருவாகும் ஈயசல்பேற்று முதலில் நுண்ணிய துணிக்கைகளாக இருக்கும். உடனே மின்னேற்றினால் அவை எளிதில் பழைய நிலைக்குத் திரும்பும். மாதக்கணக்கில் விட்டால் அவை ஒன்றுசேர்ந்து பெரிய வன் பளிங்குகளாகிவிடும். ஈயசல்பேற்று மின்னை நன்கு கடத்தாது; நீரிலும் மிக அரிதாகவே கரையும். பெரும் பளிங்குகளைப் பின்னர் மின்னேற்றத்தால் கரைப்பது மிகக் கடினம். தகட்டின் பயன்படும் பரப்புக் குறைந்து, அகத்தடை கூடிவிடும். இதனைச் சல்பேற்றாதல் என்பர்.

எனவே இப்பற்றரியை வைத்துவிடும்போது முழுதாக மின்னேற்றியே வைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் மீள மின்னேற்ற வேண்டும். வைத்த இடம் சூடாக இருந்தால் இரட்டிப்புப் பாதிப்பு. வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் இவ்வகைப் பற்றரியின் ஆயுள் ஏறத்தாழ அரைவாசியாகும். தகரக் கூரையின் கீழ், அலுமாரியின் உச்சியில் வைப்பதை விட, கீழ்த்தட்டில் வைப்பது மேல்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. மலிவான அவசர விளக்குகள் பலவற்றில் மின்னேற்றியை நிறுத்தும் ஏற்பாடு இருப்பதில்லை. அவற்றைக் கிழமைக்கணக்கில் சுவரில் செருகியே வைத்தால் வால்வு திறந்து நீர் போய்ப் பற்றரி வரண்டுவிடும். சில வேளை பெட்டி ஊதிப் பருத்துவிடும். பற்றரியின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 12 வோல்ற்றுப் பற்றரிகளில், அடிக்கடி பயன்படுத்தி ஏற்றுவதற்கு 14.4 முதல் 15.0 வோல்ற்று எனவும், தொடர்ந்து இணைத்தே வைப்பதற்கு 13.5 முதல் 13.8 வோல்ற்று எனவும் வழமையாகக் குறித்திருக்கும்.

பழைய பற்றரி நல்லதா எனப் பார்க்க வோல்ற்றுமானி மட்டும் போதாது. சல்பேற்றான பற்றரியும் மின்னேற்றியவுடன் 12.7 வோல்ற்றுக் காட்டி ஏமாற்றும். ஒரு மின்குமிழை இணைத்துவிட்டு வாசிப்பை எடுங்கள். மின்னோட்டம் பாயும்போது வோல்ற்றளவு சடுதியாக விழுந்தால் அகத்தடை பெருகிவிட்டது என்று பொருள். பரீட்சையில் வரும் அகத்தடைக் கணக்கு இதுவேதான். கடைக்காரர் செய்வதும் இதுவேதான்.

இரண்டு 6 வோல்ற்றுப் பற்றரிகளைத் தொடராக இணைக்கும்போது ஒன்று புதியதும் மற்றது பழையதுமாக இணைக்காதீர்கள். தொடர்ச் சுற்றில் மின்னோட்டம் எங்கும் சமன். பழையது முதலில் வெறுமையானபின்னும் புதியது அதனூடாக மின்னோட்டத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பழையதின் கலங்கள் எதிர்மாறாக மின்னேற்றப்படத் தொடங்கும். அதன்பின் அவை தேறா.

ஆபத்து எங்கே?

12 வோல்ற்று நம்மைத் தாக்காது; உலர்ந்த தோலின் தடை மிக அதிகம். அதனாலேயே பலர் இப்பற்றரியை அலட்சியமாகக் கையாளுகிறார்கள். உலர்கலம் எட்டைத் தொடராக இணைத்தாலும் 12 வோல்ற்றுத்தான். ஒவ்வொன்றின் அகத்தடை 0.5 ஓம் எனில் மொத்தம் 4 ஓம். குறுஞ்சுற்றில் பாயக்கூடியது 3 அம்பியர். நமது பற்றரியின் அகத்தடையோ 0.025 ஓம் அளவுதான். இணைக்கும் கம்பியின் தடையும் 0.025 ஓம் என வைத்தால்:

மின்னோட்டம் = 12.6 ÷ 0.05 = 252 அம்பியர்

கம்பியில் வெளிப்படும் வலு = 252 × 252 × 0.025 = ஏறத்தாழ 1590 வாற்று

இது ஒரு மின்கேத்தலின் வலு. ஒரு சாண் கம்பியில் இவ்வளவு வெப்பம் பிறந்தால் அதன் காவலி உருகித் தீப்பற்றும். முடிவிடங்களுக்குக் குறுக்கே விழும் ஸ்பனரும், பையில் ஒன்றாகப் போடும் திறப்புக் கோர்வையும், விரலிலுள்ள மோதிரமும் அப்படியே. முடிவிடங்களை மூடி எடுத்துச் செல்லுங்கள். நேர் முடிவிடத்துக்கு மிக அருகில் உருகி ஒன்றை இணையுங்கள். தொலைவில் இணைத்தால் இடைப்பட்ட கம்பிக்குப் பாதுகாப்பு இல்லை.

யானை வேலி பற்றியும் சொல்ல வேண்டும். முறையான வேலியில் பற்றரியின் 12 வோல்ற்று, ஒரு கருவியினால் பல ஆயிரம் வோல்ற்றாக உயர்த்தப்படுகிறது. ஆனால் அது செக்கனுக்கு ஒருமுறையளவில், மிகச் சிறு கணமே நீடிக்கும் துடிப்பாகத்தான் கம்பியில் செல்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் சில யூல்கள் மட்டுமே. யானைக்கு வலிக்கும், இரு துடிப்புகளுக்கிடையே விலகிப் போக நேரமும் இருக்கும். வீட்டின் 230 வோல்ற்று ஆடலோட்டத்தை நேரடியாக வேலியில் இணைப்பவர்கள் இருக்கிறார்கள். அது சட்டவிரோதம். ஆடலோட்டம் தொடர்ந்து பாய்வதால் தசைகள் இறுகிப் பிடித்தவர் கையை விடமுடியாது. நம் நாட்டில் யானைகளும் மனிதர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள். "வோல்ற்றளவு கூடியதுதானே ஆபத்தானது?" என்று கேட்டால், மின்னோட்டத்தின் அளவும் அது பாயும் நேரமும் சேர்ந்தே தீங்கைத் தீர்மானிக்கின்றன என்று விடை எழுதுங்கள்.

கெட்டுப்போன பற்றரியை உடைத்து ஈயத்தை உருக்கி வலைக்குக் குண்டு வார்ப்பதைச் சிலர் சிறு வருமானமாகக் கருதுகிறார்கள். செனகல் நாட்டின் டாக்கார் நகரையொட்டிய தியாரோயே என்னும் இடத்தில் பழைய பற்றரிகளின் ஈயத்தை வீட்டுச் சூழலில் பிரித்தெடுத்தார்கள். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை அங்கே 18 சிறுவர்கள் இறந்தார்கள். ஈயத் தூசு மண்ணில் தங்கி, மண்ணில் விளையாடும் பிள்ளைகளின் கைகளினூடாக வாய்க்குள் போகும். வளரும் மூளையை அது பாதிக்கும். பழைய பற்றரியை முழுதாகவே, உடைக்காமல், பற்றரி விற்கும் கடையில் கொடுத்துவிடுங்கள். ஈயம் மீளப் பயன்படுத்தத்தக்க உலோகம் என்பதால் பழையதுக்கும் விலை உண்டு.

இலிதியம் இரும்பு பொசுபேற்றுப் பற்றரிகள் இப்போது இதன் இடத்தைப் பிடித்து வருகின்றன. அவை நிறை குறைந்தவை, பல ஆயிரம் தடவை தாங்கக்கூடியவை. நான்கு கலங்களாலான தொகுதி 12.8 வோல்ற்றுத் தருவதால் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். ஈய அமிலப் பற்றரியின் மின்னேற்றியை அதற்குப் பயன்படுத்துமுன் தயாரிப்பாளர் அனுமதித்திருக்கிறாரா எனப் பாருங்கள்.

பயிற்சி

12 வோல்ற்று, 18 அம்பியர் மணித்தியாலம் எனக் குறிக்கப்பட்ட பற்றரி ஒன்று 36 வாற்று ஒலிபெருக்கிக்குப் பயன்படுத்தப்படுகிறது.

(அ) முழுமையாக மின்னேற்றிய நிலையில் அதிலுள்ள சக்தியை யூலிற் காண்க.

(ஆ) கொள்ளளவின் பாதியை மட்டும் பயன்படுத்தினால் ஒலிபெருக்கி எவ்வளவு நேரம் இயங்கும்?

(இ) திறந்த சுற்றில் வோல்ற்றுமானி வாசிப்பு 12.6 வோல்ற்று. 4 அம்பியர் பாயும்போது வாசிப்பு 10.6 வோல்ற்று. அகத்தடையைக் கண்டு, இப்பற்றரியின் நிலைபற்றி யாது கூறுவீர்?

விடைகள்: (அ) 12 × 18 × 3600 = 777 600 யூல். (ஆ) மின்னோட்டம் 36 ÷ 12 = 3 அம்பியர்; நேரம் 9 ÷ 3 = 3 மணித்தியாலம். (இ) இழந்த வோல்ற்றளவு 2.0 வோல்ற்று, அகத்தடை 2.0 ÷ 4 = 0.5 ஓம். புதிய பற்றரியின் அகத்தடையிலும் இது பல மடங்கு அதிகம். சல்பேற்றாதல் அல்லது நீரிழப்புக் காரணமாகப் பற்றரி பழுதடைந்துள்ளது. (இ) இல் 12.6 வோல்ற்றை மட்டும் பார்த்து "நல்ல நிலையில் உள்ளது" என எழுதினால் அப்பகுதிக்குப் புள்ளி கிடையாது.